பிரித்துக் கொடுத்த செடி பிழைத்துக்கொள்ளும்

வாசல் தோட்டம்

போன வருஷம் சித்திரை மாதம். குன்னம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் வீட்டில் கழிப்பறைக்குக் குழி தோண்ட கொத்தனார் வந்து நின்றார். அவர் கயிறு பிடித்துக் காட்டிய இடம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த சம்பங்கிப் பாத்தி.

அது என் அப்பாயி வைத்த பாத்தி. நிலச்சம்பங்கி. நான் பாவாடை கட்டிய வயதில், ராத்திரி வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டுப் படுத்தால் அந்த வாசனையில்தான் தூக்கம் வரும். அப்பாயி போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பாத்தி மட்டும் இருந்தது. ஆனால் கடைசி நாலைந்து வருஷமாக அதில் பூ இல்லை. கோரைப்புல் மாதிரி இலை மட்டும் அடர்ந்து கிடக்கும். "வயசாயிடுச்சு போல" என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

கொத்தனார் அவசரப்பட்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் மண்வெட்டியால் நாலு பக்கமும் வெட்டி, பாத்தியைக் கட்டி கட்டியாகப் பெயர்த்து ரெண்டு சாக்கில் போட்டு, பெரம்பலூரில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கட்டியை அப்படியே பெரிய தொட்டிகளில் வைத்தேன். வாடிவிடுமோ என்ற பயத்தில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன்.

இருபது நாளில் இலை மஞ்சளானது. ஒரு மாதத்தில் தொட்டியில் நாற்றம் வந்தது. கையை விட்டுப் பார்த்தால் கிழங்கெல்லாம் கூழ். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

வீட்டில் யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. "நர்சரில வாங்கிக்கலாம்" என்றார்கள். வாங்கலாம்தான். ஆனால் அது அப்பாயி கையால் வைத்த கிழங்கு இல்லையே!

அத்தை வீட்டுச் சம்பங்கி

ஆனி மாதம் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் அத்தை வீட்டில், பேத்திக்குக் காதுகுத்து. போய் இறங்கியதும் கொல்லைப் பக்கம் கை கழுவப் போனேன். அங்கே வரப்போரமாக ஒரு வரிசை சம்பங்கி, இடுப்பு உயரத்துக்குத் தண்டு விட்டு நின்றது.

"இது எங்க வாங்கினீங்க அத்தை?"

"வாங்கறதா? எங்க அம்மா குடுத்தது பாப்பா. எனக்குக் கல்யாணம் ஆன மறு வருஷம் ஆடிக்கு வந்தப்ப, முந்தானைத் துணியில முடிஞ்சு குடுத்துச்சு. சின்னவளுக்கும் குடுத்துச்சு. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியவில்லை. அப்பாயி ரெண்டு, மூணு வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பாத்தியை முழுசாகத் தோண்டிப் போடுவார் என்பது மட்டும் மங்கலாக ஞாபகம். ஏதோ களை எடுக்கிறார் என்று நினைத்திருக்கிறேன். அவர் போன பிறகு நாங்கள் யாரும் அந்த மண்ணைத் தொடவே இல்லை.

நான் என் கதையைச் சொன்னேன். அத்தை சிரிக்கவில்லை. "அதுக்கு வயசாகல பாப்பா. இடம் பத்தாம மூச்சு முட்டிக் கிடந்திருக்கு. நீ கோடையில புடுங்கி, பிரிக்காம வெச்சு, தண்ணியும் ஊத்திட்ட" என்றார்.

பிறகு களைக்கொத்தை எடுத்து வந்து ஒரு குத்தைத் தோண்டினார். நடுவில் ஒரு பழைய கிழங்கு. அதைச் சுற்றிப் பதினைந்து இருபது குட்டிக் கிழங்குகள். "இந்த நடுவுல இருக்கறது பூத்து முடிச்சது. இது இனிமே பூக்காது. பூக்கப் போறது இந்தப் பிள்ளைங்கதான். அதுங்களுக்கு இடம் குடுக்கலன்னா எங்க பூக்கும்?"

அத்தை பள்ளிக்கூடம் தாண்டாதவர். ஆனால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. சம்பங்கியில் ஒரு கிழங்கு ஒரே ஒருமுறைதான் பூந்தண்டு விடும். பிறகு பக்கத்தில் வரும் புதுக் கிழங்குகள்தான் அடுத்தடுத்துப் பூக்கும். குத்து நெருக்கமானால் புதுக் கிழங்கு பருக்காது. பருக்காத கிழங்கில் இலை வரும், பூ வராது.

அந்தக் குத்தை அத்தை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். "ஒரு மாசம் நெழல்ல போட்டு வை. ஆடிப்பெருக்கு அன்னிக்கு நடு" என்றார். நட்டேன். கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் அகல் வைக்கப் போனபோது முதல் தண்டில் கீழ் மொட்டு ரெண்டு விரிந்திருந்தது.

ஆடி மறுபடியும் பிறந்துவிட்டது. அதனால் இந்த வாரம், செடியைப் பிரித்து நடுவதைப் பற்றியே பேசிவிடலாம்.

எந்தச் செடியைப் பிரிக்க வேண்டும்?

வருஷக்கணக்கில் இருக்கும் செடிகளில், மண்ணுக்குள்ளேயே குட்டி போட்டுக் குத்தாகப் பெருகும் வகை ஒன்று உண்டு. சம்பங்கி, கல்வாழை, சோற்றுக்கற்றாழை, வெட்டிவேர், எலுமிச்சைப்புல், சேம்பு, ஸ்நேக் பிளான்ட் எல்லாம் இந்த ரகம். இவற்றுக்கு ஒரே இடத்தில் விட்டுவைப்பது நல்லதில்லை.

பெரம்பலூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர்கள் பட்டறையில் காயவைத்த வெங்காயத்தை விதையாக நடுகிறார்கள். ஒரு வெங்காயம் நட்டால் அது நாலு, ஐந்து, ஆறாகப் பிரிந்து கொத்தாக வருகிறது. அந்தக் கொத்தைப் பிடுங்கி உதிர்த்துத்தான் மறுபடி நடுகிறோம். கொத்தை அப்படியே புதைத்தால் என்ன ஆகும்? காயெல்லாம் சிறுத்துப்போகும். வீட்டுத் தோட்டத்துக் குத்துச் செடிகளுக்கும் அதே கணக்குதான்.

பிரிக்கும் நேரம் வந்துவிட்டதைச் செடியே சொல்லும்:

* இலை நன்றாக இருக்கிறது. பூ குறைந்துகொண்டே வருகிறது.

* குத்தின் நடுப்பகுதி காய்ந்து வெறுமையாகி, ஓரத்தில் மட்டும் வளையமாகப் பச்சை இருக்கிறது. வெட்டிவேரிலும் எலுமிச்சைப்புல்லிலும் இதைப் பார்க்கலாம்.

* தொட்டியில் ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கிறது, அல்லது ஊற்றிய உடனே ஓரமாக ஓடி அடியில் வந்துவிடுகிறது. உள்ளே மண் இல்லை, வேர்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

* பிளாஸ்டிக் தொட்டி ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கிறது.

எப்போது பிரிக்கலாம்?

நிறையப் பேர் தவறுவது இங்கேதான். செல்போனில் வெளிநாட்டு வீடியோ பார்க்கிறோம். அதில், "வசந்த காலத்தில், மார்ச் ஏப்ரலில் பிரியுங்கள்" என்கிறார்கள். அவர்கள் ஊரில் பனி உருகி மண் இளகும் காலம் அது. நம் ஊரில் அது பங்குனி, சித்திரை. பிரித்த செடிக்கு வேர் பாதிதான் இருக்கும். இலை முழு வெயிலையும் தாங்க வேண்டும். தாங்காது. நான் செய்த முதல் தப்பு அதுதான்.

நமக்கு ஆடி நடுவிலிருந்து புரட்டாசி முதல் பாதி வரை நல்ல காலம். வெயில் தணிந்து அவ்வப்போது மழை விழும். பெரம்பலூர், அரியலூர் ரெண்டுக்கும் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்குள் செடி வேர் பிடித்துவிட்டால் மழை அதற்குப் பால் வார்த்த மாதிரி. வேர் பிடிக்காமல் அடைமழையில் மாட்டினால் கிழங்கு அழுகும். அடைமழைக் காலத்தைத் தவறவிட்டவர்கள் மழை ஓய்ந்த மார்கழிக் கடைசி, தை மாதத்தில் செய்யலாம்.

மண்ணும் பதமாக இருக்க வேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். களி மாதிரி ஒட்டினால் ரெண்டு நாள் பொறுங்கள். கல் மாதிரி இருந்தால் முதல் நாள் சாயங்காலமே தண்ணீர் விட்டு ஊறவையுங்கள்.

நாலரை மணிக்குமேல் வெயில் சாய்ந்ததும் தொடங்கினால் செடிக்கு ஓர் இரவு முழுக்க ஓய்வு கிடைக்கும். விளக்கு வைத்த பிறகு செடியைத் தொடக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், அதற்குள் முடித்துவிடுங்கள். மாலையில் அரைமணி நேரம் போதும். இருட்டில் வேர் எது, புழு எது என்று தெரியாது. அந்த வகையிலும் பெரியவர்கள் சொன்னது சரிதான்.

எப்படிப் பிரிப்பது?

1. புது இடத்தை முதலில் தயார் செய்யுங்கள். குழி எடுத்து, மக்கிய தொழுவுரம் போட்டு, தண்ணீர் தெளித்து வைத்துவிட்டுத்தான் பழைய குத்தில் கைவைக்க வேண்டும். செடியைத் தோண்டிவிட்டு இடம் தேடினால் வேர் காய்ந்துவிடும்.

2. இலையைக் குறையுங்கள். புல் வகையாக இருந்தால் ஒரு சாண் உயரம் விட்டு மீதியை அரிந்துவிடுங்கள். அரைவாசி வேரோடு முழு இலையையும் காப்பாற்றச் சொல்வது அநியாயம்.

3. ஒரு சாண் தள்ளித் தோண்டுங்கள். தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். நாலு பக்கமும் கடப்பாரையால் நெம்பி, கட்டியாகத் தூக்குங்கள்.

4. மண்ணை உதிர்த்துப் பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தால் எது எங்கே ஒட்டியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். கையால் பிரிவதைக் கையாலேயே பிரியுங்கள். பிரியாததற்கு மட்டும் கத்தி. கத்தியைச் சுடுதண்ணீரில் கழுவிக்கொள்ளுங்கள்.

5. ஒவ்வொரு துண்டிலும் மூன்று இருக்கிறதா பாருங்கள்: கொஞ்சம் வேர், கொஞ்சம் கிழங்கு அல்லது அடித்தண்டு, ஒரு முளை. முளை இல்லாத துண்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வீண்.

6. வெட்டிய வாயை ஆறவிடுங்கள். வெட்டுப்பட்ட இடத்தில் அடுப்புச் சாம்பலைத் தொட்டுவைக்கும் பழக்கம் கிராமங்களில் உண்டு. சூடோமோனாஸ் தூள் கிடைத்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கலந்து, அரைமணி நேரம் வேரை முக்கி எடுத்து நடலாம். அழுகல் நோய் குறையும்.

7. முன்பு இருந்த ஆழத்திலேயே நடுங்கள். தண்டில் பழைய மண்கோடு தெரியும். அதுதான் அளவு. நட்டதும் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டு, பிறகு விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் விடுங்கள். பத்து நாளைக்கு நிழல் வேண்டும். ரெண்டு தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்தால் போதும்.

உரம்? புது இலை வரும்வரை வேண்டாம். வேரே இல்லாத செடிக்கு உரம் போடுவது, காய்ச்சல்காரருக்குப் பிரியாணி கொடுப்பது மாதிரி.

செடிக்குச் செடி கொஞ்சம் மாறும்

சம்பங்கி: தோண்டிய கிழங்கை மண் உதறி, இலையை நறுக்கி, ஒரு மாதம் நிழலில் காற்றாடப் போடுங்கள். இப்போது தோண்டினால் ஆவணியில் நடலாம். இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் பருமன் இருக்கும் கிழங்குகள் மூன்று நாலு மாதத்தில் தண்டு விடும். சின்னதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். தனியாக ஓர் ஓரத்தில் நட்டுவையுங்கள். அடுத்த வருஷம் பருத்துவிடும். கிழங்குக்குக் கிழங்கு ஒரு சாண் இடைவெளி. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை தோண்டிப் பிரிக்க வேண்டும்.

சோற்றுக்கற்றாழை: குட்டி நாலைந்து அங்குலம் வளர்ந்த பிறகு எடுங்கள். எடுத்த அன்றே நடாதீர்கள். ரெண்டு மூணு நாள் நிழலில் வைத்து வெட்டுவாய் காய்ந்ததும் நட்டு, நாலைந்து நாள் கழித்து முதல் தண்ணீர். கற்றாழை தண்ணீர் இல்லாமல் சாவதைவிடத் தண்ணீரால் சாவதுதான் அதிகம்.

வெட்டிவேர், எலுமிச்சைப்புல்: ரெண்டு மூணு தூர்கள் சேர்ந்த துண்டாகப் பிரியுங்கள். இலையை ஒரு சாணுக்கும், வேரை நாலு விரல் அளவுக்கும் நறுக்கி நடுங்கள். காய்ந்த பழைய தூர் வேண்டாம். ஓரத்தில் இருக்கும் இளம் தூர்தான் வேகமாக வரும்.

கல்வாழை: கிழங்கில் கண் தெரியும். ஒரு துண்டுக்கு ரெண்டு கண் இருந்தால் தைரியமாக வெட்டலாம். துவைக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் வைத்தால் அந்த ஈரத்தை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு பூக்கும்.

ஸ்நேக் பிளான்ட்: இலையைத் துண்டு போட்டு நட்டாலும் வரும். ஆனால் மஞ்சள் ஓரம் இருக்கிற ரகத்தில் அப்படிச் செய்தால், வருகிற குட்டி வெறும் பச்சையாக வரும். மஞ்சள் ஓரம் வேண்டும் என்றால் அடியில் வரும் குட்டியைத்தான் பிரித்து வைக்க வேண்டும்.

கறிவேப்பிலை: பெரிய மரத்தைச் சுற்றி வேரிலிருந்து கன்றுகள் முளைக்கும். "புடுங்கி வெச்சா வரவே மாட்டேங்குது" என்று எல்லோரும் சொல்லும் புகார் இதில்தான். அந்தக் கன்று தாய் வேரில் பால் குடித்துக்கொண்டிருக்கிறது; சொந்த வேர் அதற்கு இன்னும் பத்தாது. எனவே முதலில் தாய்க்கும் கன்றுக்கும் இடையில் இருக்கும் வேரைக் கடப்பாரையால் வெட்டி மட்டும் விடுங்கள். கன்றை அதே இடத்தில் மூணு நாலு வாரம் விட்டுவையுங்கள். பிழைக்க வேண்டிய கட்டாயத்தில் அது தன் வேரைப் போட்டுக்கொள்ளும். பிறகு மண்ணோடு தோண்டி எடுத்தால் வாடாது.

வாழை: ஈட்டி மாதிரி இலை குறுகிக் கூர்மையாக இருக்கும் கன்றுதான் நடத் தகுந்தது. சின்ன வயதிலேயே அகலமாக இலை விரித்து அழகாக நிற்கும் கன்று நீர்க்கன்று. அதன் கிழங்கு வலுவில்லாதது. அழகைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இவற்றைப் பிரிக்காதீர்கள்

மல்லிகை, முல்லை, செம்பருத்தி, ரோஜா போன்றவை ஒரே அடித்தண்டில் நிற்பவை. இவற்றைப் பிளந்தால் இரண்டு செடி கிடைக்காது. இருந்த செடியும் போகும். மல்லிகை, முல்லைக்குப் பதியம், செம்பருத்திக்குக் குச்சி என்று வழி வேறு. ஒட்டு ரோஜாவில் ஒட்டுக்குக் கீழே இருந்து தழைத்து வரும் கிளையை "குட்டி" என்று நினைத்துப் பிரித்து வைப்பவர்கள் உண்டு. அது அடிச்செடியின் காட்டு ரோஜா. நீங்கள் ஆசைப்பட்ட பூ அதில் வராது.

செங்காந்தளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மாநில மலர். வேலிகளில் தானாகவே வரும். மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் மருந்து விதைக்காக வயலிலேயே பயிர் செய்கிறார்கள். அதன் கிழங்கு கலப்பை மாதிரி வளைந்து இருக்கும். அதனாலேயே கலப்பைக் கிழங்கு என்று பெயர். முளை கிழங்கின் நுனியில்தான் இருக்கும். நுனி ஒடிந்தால் அந்தக் கிழங்கு முளைக்காது.

அதைவிட முக்கியம், அந்தக் கிழங்கு கடுமையான விஷம். கொல்கிசின் என்ற நச்சு அதில் இருக்கிறது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று நினைத்துத் தின்று உயிருக்கு ஆபத்தான சம்பவங்கள் உண்டு. குழந்தைகளும் ஆடு மாடும் இருக்கும் வீட்டில் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் கையுறை போட்டுத் தோண்டுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கிழங்கை அடுப்படிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

நம் மண்ணுக்கு ஒரு வார்த்தை

பெரம்பலூர் மாவட்டத்தில் நிறைய இடம் கரிசல். கோடையில் வெடிப்பு விட்டு வேரை அறுக்கும். மழையில் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கிழங்கை அழுகடிக்கும். கரிசலில் கிழங்குச் செடி வைப்பவர்கள் பாத்தியைத் தரையிலிருந்து அரை அடி உயர்த்தி, ஆற்று மணலும் மக்கிய எருவும் கலந்துகொள்ளுங்கள்.

அரியலூர்ப் பக்கம் வேறு கதை. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் அந்தப் பகுதி கடலுக்கடியில் இருந்தது. அந்தக் கடலின் சுண்ணாம்பைத் தோண்டித்தான் இன்று சிமென்ட் ஆலைகள் ஓடுகின்றன. அதே சுண்ணாம்பு பல வீட்டுக் கொல்லை மண்ணிலும் இருக்கிறது. சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. புதிதாகப் பிரித்து நட்ட செடியின் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் தண்ணீர் குறை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் இலையில் தெளியுங்கள். மக்கிய எரு போடப் போட மண்ணும் திருந்தும்.

மண்ணைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் வேளாண் அறிவியல் மையத்தில் கேட்கலாம். பெரம்பலூர் மாவட்டத்துக்கு வாலிகண்டபுரத்திலும், அரியலூர் மாவட்டத்துக்கு ஜெயங்கொண்டம் அருகே சோழமாதேவியிலும் மையங்கள் இருக்கின்றன. வீட்டுத் தோட்டம்தானே என்று கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

நீங்கள் கேட்டவை

"மாடியில் தொட்டியில்தான் வைத்திருக்கிறேன். பிரித்ததை அதே மண்ணில் வைக்கலாமா?"

பாதி மண்ணை மாற்றுங்கள். பழைய மண்ணை ரெண்டு நாள் வெயிலில் பரப்பிக் காயவிட்டு, சம அளவு மக்கிய எருவோ மண்புழு உரமோ கலந்து பயன்படுத்தலாம். தொட்டியின் அடி ஓட்டை அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

"தோண்டிப் பார்த்தால் வேரில் மணி மணியாக முடிச்சு இருக்கிறது. என்ன அது?"

அது நூற்புழு. அந்தச் செடியை யாருக்கும் பிரித்துக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அவர்கள் தோட்டத்துக்கும் போய்விடும். கோலியாக இருக்கும் வேரையெல்லாம் பொறுக்கி எரித்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு பருவம் துலுக்கச் செவ்வந்தி போடுங்கள். அதன் வேர் நூற்புழுவை ஓரளவு கட்டுப்படுத்தும். மாலைக்குப் பூவும் ஆச்சு.

"பிரித்து நட்டு ஒரு வாரமாகத் துவண்டு கிடக்கிறது. செத்துவிட்டதா?"

அவசரப்படாதீர்கள். இலை வாடினாலும் அடித்தண்டு கெட்டியாக, நகத்தால் கீறினால் பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. வாடிய இலையை நறுக்கிவிட்டு நிழலில் விடுங்கள். மூன்று வாரம் வரை பொறுங்கள். தினமும் பிடுங்கிப் பார்த்து "வேர் வந்துச்சா" என்று சோதிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

முந்தானை முடிச்சு

அப்பாயி கிழங்கை மகள்களுக்கு முடிந்து கொடுத்ததை நான் சீர் என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால் அதில் ஒரு கணக்கும் இருக்கிறது. ஒரே பாத்தியில் இருக்கும் செடி ஒரு வறட்சியில் போகலாம், ஒரு மழையில் போகலாம். என்னை மாதிரி ஒரு பேத்தியின் அவசரத்தில்கூடப் போகலாம். மூன்று ஊரில் இருக்கும் செடி மூன்றிலும் ஒரே நேரத்தில் போகாது.

குன்னத்துக் கரிசலில் நாங்கள் கொன்றுவிட்ட சம்பங்கி, ஜெயங்கொண்டத்துச் செம்மண்ணில் எனக்காகக் காத்திருந்தது அதனால்தான். அப்பாயி வீட்டிலேயே வைத்துப் பொத்திப் பொத்திப் பாதுகாத்திருந்தால் இன்று அது எங்கேயும் இருந்திருக்காது.

அதனால் இந்த ஆடியில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் ரொம்ப நாளாகத் தொடாமல் கிடக்கும் ஒரு குத்தைத் தோண்டுங்கள். பாதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மீதியை அக்கா வீட்டுக்கோ, நாத்தனார் வீட்டுக்கோ, எதிர்வீட்டுக்கோ கொடுங்கள். எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். "இது எங்க அம்மா வெச்ச செடி" என்று சொல்லிக் கொடுத்த செடியை யாரும் சுலபமாகச் சாகவிட மாட்டார்கள்.

நான் போன வாரம் என் தொட்டியில் ஒரு குத்தைத் தோண்டினேன். பதினோரு கிழங்கு. ஐந்தை நிழலில் உலர்த்தி, பழைய பருத்தித் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். திருச்சியில் படிக்கும் என் மகளின் விடுதி ஜன்னலில் ஒரு தொட்டி வைக்க இடம் இருக்கிறதாம். கேட்டுவிட்டேன்.

அடுத்த வாரம்: மல்லிகைக்குப் பதியம் போடுவது எப்படி?